காலி வகுப்பும் கர்ப்பிணி ஆசிரியையும்

2020-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம். கொரோனா நோயின் காரணமாக மாதக்கணக்கில் ஓய்ந்து கிடந்த பஸ்கள் தமிழ்நாட்டில் மறுபடியும் ஓடத் தொடங்கியிருந்தன. பள்ளிக்கூடங்கள் மட்டும் திறக்கவில்லை. மாணவர்கள் தத்தம் வீட்டில் செல்போனை எதிரே வைத்துக்கொண்டு பாடம் கேட்டு வந்தார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டிய உபாத்தியாயர்களாகிய நாமோ, நாம் வேலை பார்த்த தனியார் பள்ளிக்கூடத்தில் தினந்தோறும் காலை ஒன்பது மணிக்குள் ஆஜராகிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு காலி வகுப்பறையில் அமர்ந்து, அதே செல்போனின் மறுமுனையில் பேசிக்கொண்டிருந்தோம். இருபது பெஞ்சுகள், ஒரு கரும்பலகை, ஓர் உபாத்தியாயர். "புரிகிறதா?" என்று கேட்டால் பெஞ்சுகள் பதில் சொல்வதில்லை.

நமக்கு அடுத்த அறையில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. இரண்டு பஸ் மாறி வருவார். முகக் கவசத்தைக் கழற்றாமலே மாடிப்படி ஏறி வந்து, ஐந்து நிமிஷம் மூச்சு வாங்கிய பிறகுதான் வகுப்பைத் தொடங்குவார். அவருடைய மாணவர்களில் ஒருவன், முன்பெல்லாம் பள்ளி வானில் வந்து கொண்டிருந்தவன், அவர் குடியிருந்த தெருவிலேயே இருந்தான். ஆகவே அந்த அம்மையார் 18 கிலோமீட்டர் பிரயாணம் செய்து பள்ளிக்கு வந்து, தம் தெருக்கோடியில் இருக்கும் பையனுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிவிட்டு, மறுபடியும் 18 கிலோமீட்டர் பிரயாணம் செய்து வீடு திரும்பினார். இந்தக் கணக்கின் விடை என்னவென்று அவர் ஒரு நாள் நம்மிடமே கேட்டார். நமக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு மனு எழுதினார். எட்டு வருஷ சர்வீஸில் அவர் எழுதிய முதல் மனு அது. பிரஸவம் வரையில் வீட்டிலிருந்தபடியே வகுப்பு நடத்த அனுமதிக்க வேண்டும். கால அட்டவணையில் ஒரு பீரியடைக்கூடக் குறைக்க வேண்டாம் என்று பணிவாகக் கேட்டிருந்தார். தாளாளர் அதை இரண்டு தடவை படித்தார்.

"என்னம்மா இது? வீட்டில் உட்கார்ந்துகொண்டு சம்பளம் வாங்க வேண்டும் என்கிறீர்களே?"

"உட்கார்ந்துகொண்டு இல்லை, சார். பாடம் நடத்திக்கொண்டு."

"உங்களுக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள். முடியாவிட்டால் லீவு போட்டுக்கொள்ளுங்களேன்."

ஆசிரியை கேட்டது வேலை. தாளாளரின் காதில் விழுந்தது லீவு. அந்த இரண்டு வருஷ காலத்தில் இந்த தேசத்திலும் வேறு தேசங்களிலும் கர்ப்பிணி ஆசிரியைகள் எழுதிய மனுக்களில் எத்தனையோ இந்தச் செவிக் கோளாறினாலேயே குப்பைக் கூடைக்குப் போயின என்பது நம் அபிப்பிராயம்.

லீவு போட்டுக்கொள்ளலாம் என்பது கேட்பதற்குத் தாராளமாகத்தான் தோன்றும். கணக்குப் பார்த்தால்தான் அதன் உள்ளீடு தெரியும். 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு உதவிச் சட்டப்படி அன்று சம்பளத்துடன் கிடைத்த விடுமுறை 26 வாரம். அதில் பிரஸவத்துக்கு முன்பு எட்டு வாரத்துக்கு மேல் எடுக்க முடியாது. முன்னால் எடுக்கும் ஒவ்வொரு வாரமும் பின்னால் குழந்தையின் பங்கிலிருந்து கழியும். ஆறாவது மாதத்திலேயே வீட்டில் தங்க விரும்புகிறவளுக்குச் சம்பளமில்லாத லீவைத் தவிர வேறு வழியில்லை. அதுவும் சட்டம் எட்டிய இடத்தில்தான். தனியார் பள்ளிக்கூடங்களில் அது எட்டாத இடங்கள் அநேகம். கேரள சர்க்கார் தங்கள் ராஜ்யத்துத் தனியார் பள்ளி ஆசிரியைகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று தனியாக ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது. அது வெளிவந்தது 2020 மார்ச்சில், கொள்ளை நோய் வாசற்படி ஏறிய அதே மாதத்தில். தமிழ்நாட்டில் அரசு ஆசிரியைகளுக்கு 2016 முதல் ஒன்பது மாதம், 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதம் என்று விடுமுறை உயர்ந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருக்கிறது என்றாலும், சட்டத்தின் கண்ணுக்கு அது மலையாகத் தெரிகிறது.

ஆசிரியை வீட்டிலிருந்து வேலை செய்வதாவது, அது நடக்கிற காரியமா என்று சிலர் கேட்டார்கள். இதைக் கேட்டு நமக்குச் சிரிப்புத்தான் வந்தது. நேயர்களில் எவருடைய வீட்டிலாவது ஓர் உபாத்தியாயரோ உபாத்தியாயினியோ இருந்தால், சனிக்கிழமை மாலை அந்த வீட்டுக் கூடத்தைச் சற்று எட்டிப் பார்க்கட்டும். திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு ஒரு பக்கம், கட்டுரை நோட்டுகள் ஒரு பக்கம், எழுதி முடிக்காத பாடக் குறிப்பு ஒரு பக்கம், அடுத்த பரீட்சைக்கான கேள்வித்தாள் ஒரு பக்கம். பள்ளிக்கூடம் என்ற ஸ்தாபனம் தோன்றிய நாள் முதல் ஆசிரியர் வீட்டிலிருந்து வேலை செய்து வருகிறார். அதற்கு எவரும் அனுமதி கேட்டதில்லை, எவரும் மறுத்ததுமில்லை. கூலி கொடுத்தவர்களும் இல்லை. வீட்டு வேலைக்குச் சம்பளம் என்ற பேச்சு எழுந்த பிறகுதான் அது நடக்காத காரியமாகிவிட்டது.

இருந்தாலும் எதிர்க்கட்சியின் வாதத்தில் ஒரு பாதி நியாயம் உண்டு; அதை மறைப்பது தர்மமாகாது. எல்லாக் குழந்தைகளிடமும் செல்போன் இல்லை. 2020-ல் கிராமப்புறங்களில் எடுத்த 'ஏசர்' கணக்கின்படி, பள்ளியில் சேர்ந்திருந்த குழந்தைகளில் சுமார் 62 சதவீதத்தினரின் வீடுகளில்தான் ஸ்மார்ட்போன் இருந்தது. அந்தப் போனும் பகலில் தகப்பனாரின் சட்டைப் பையில் வயலுக்கோ வேலைக்கோ போய்விடும். அத்தகைய ஊர்களில் அரிசியும் பருப்பும் பாடப் புத்தகமும் வாங்க வரும் குழந்தையின் முகத்தைப் பார்த்து, நாலு வார்த்தை படிப்பைப் பற்றி விசாரிப்பதற்கு ஒருவர் பள்ளிக்கூடத்தில் இருந்துதான் ஆக வேண்டும். பள்ளிகள் திறந்த பிறகோ, ஒரு ஆசிரியை வராவிட்டால் அந்த வகுப்பை மற்றொருவர் தலையில்தான் கட்டுவார்கள். அப்படித் தலையில் ஏற்றப்பட்டவர்களில் நாமும் ஒருவர்; மாதக் கடைசியில் முணுமுணுத்ததும் உண்டு. ஆனால் ஒருவர் இருக்க வேண்டும் என்றால் அந்த ஒருவர் ஏன் கர்ப்பிணியாக இருக்க வேண்டும்? நாற்பது பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ மாற்று ஏற்பாடு செய்வது நிர்வாகத்துக்கு எட்டாத வித்தை என்று நாம் நம்பத் தயாராயில்லை.

பயத்துக்குக் காரணம் இருந்ததா? ஆரம்பத்தில் டாக்டர்களுக்கே நிச்சயமாகத் தெரியாது. ஆனால் 1918-ல் உலகத்தைச் சூறையாடிய இன்புளுயன்சா ஜுரமும், 2009-ல் வந்த பன்றிக் காய்ச்சலும் கர்ப்பிணிகளை மற்றவர்களைவிடக் கடுமையாகத் தாக்கின என்பது வைத்தியர்கள் அறிந்த விஷயம். 2020 நவம்பரில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் கணக்கு வெளியிட்டது. 15 முதல் 44 வரை வயதுள்ள ஸ்திரீகளில், கொரோனாவின் அறிகுறி கண்டவர்களை எடுத்துக்கொண்டு பார்த்ததில், கர்ப்பிணிகளில் ஆயிரத்துக்கு 10.5 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள், மற்றவர்களில் 3.9 பேர். செயற்கை சுவாசக் கருவி தேவைப்பட்டவர்கள் ஆயிரத்துக்கு 2.9; மற்றவர்களில் 1.1. நம் தேசத்தில் இரண்டாவது அலை இன்னும் கொடியது. 2021 ஜூனில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட விவரப்படி, நோய் கண்ட கர்ப்பிணிகளிலும் பிள்ளை பெற்ற தாய்மார்களிலும் இறந்தவர்கள் முதல் அலையில் 0.7 சதவீதம், இரண்டாவது அலையில் 5.7 சதவீதம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தடுப்பூசி வந்தபோது மற்றவர்களெல்லாம் வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள். பரிசோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லையாதலால், அவர்களுக்குப் போடலாமா கூடாதா என்று நிர்ணயம் ஆகவில்லை. இந்திய சர்க்கார் கர்ப்பிணிகளுக்கு அனுமதி தந்தது 2021 ஜூலை 2-ந் தேதி. அதுவரையில் வீட்டுக் கதவு ஒன்றுதான் அவர்களுக்குத் தடுப்பூசி.

சர்க்காருக்கு இது தெரியாதென்று சொல்ல முடியாது. 2020 மே மாதத்திலேயே மத்திய அரசு தன் அலுவலகங்களுக்கு உத்தரவு அனுப்பியது. கர்ப்பிணி ஊழியர்கள் அலுவலகத்துக்கு வர வேண்டியதில்லை என்று விலக்கு அளித்தது. 2022 ஜனவரியில் மூன்றாவது அலையின்போதும் அவ்வாறே, வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று உத்தரவாயிற்று. டில்லியில் கோப்பு எழுதும் கர்ப்பிணிக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு, தேசத்தின் மிகப் பெரும்பாலான பள்ளி ஆசிரியைகளுக்குத் தானாக வந்து சேரவில்லை. அவர்கள் ராஜ்ய சர்க்காரின் ஊழியர்கள், அல்லது ஸ்தல ஸ்தாபனங்களின் ஊழியர்கள், அல்லது நம் தாளாளரைப் போன்ற ஒரு கனவானின் ஊழியர்கள்.

அன்று அமலில் இருந்த மகப்பேறு உதவிச் சட்டத்தின் மூலப் பிரதி 1961-ல் எழுதப்பட்டது. அதன் நாலாவது பிரிவை நாம் அந்த நாட்களில் தேடிப் பிடித்துப் படித்தோம். பிரஸவத்துக்கு முந்திய ஆறு வாரமும், அதற்கு முந்திய ஒரு மாதமும் ஆகிய காலத்தில், கர்ப்பிணி தானே கேட்டுக்கொண்டால், கடினமான வேலையோ, நெடுநேரம் நிற்க வேண்டிய வேலையோ, கர்ப்பத்துக்குக் கெடுதல் செய்யக்கூடிய எந்த வேலையுமோ அவளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அதில் கண்டிருந்தது. நெடுநேரம் நிற்கும் வேலை! இதை எழுதியவர் மனத்தில் பஞ்சாலைப் பெண் இருந்திருக்கலாம். நம் மனத்தில் உடனே தோன்றியது கரும்பலகைதான். 2017-ல் திருத்தியபோது வீட்டிலிருந்து வேலை செய்வதைப் பற்றியும் ஒரு வாசகம் சேர்த்தார்கள். படித்ததும் சந்தோஷப்பட்டோம். மறுபடி படித்ததும் சந்தோஷம் வடிந்துவிட்டது. அந்தச் சலுகை மகப்பேறு விடுமுறை முடிந்த பிறகுதான்; அதுவும் யஜமானர் இணங்கினால்தான். வயிற்றில் குழந்தை இருக்கும் காலத்தைப் பற்றி அந்த வாசகம் வாய் திறக்கவில்லை.

1928-ல் பம்பாய் சட்டசபையில் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்கான மகப்பேறு மசோதா விவாதத்துக்கு வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரஸவத்துக்குப் பின்பு மட்டுமின்றி, முன்பும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேசத்தின் நன்மையைச் சேர்ந்த விஷயம் என்பது அவருடைய வாதம். மறு வருஷம் அது சட்டமாயிற்று. அந்நிய ஆட்சியின் கீழ் ஒரு மாகாண சட்டசபைக்குப் புரிந்த விஷயம், சுதந்திரம் வந்து எழுபது வருஷத்துக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூட நிர்வாகத்துக்குப் புரியவில்லையே என்றுதான் நமக்கு ஆற்றாமை.

நம் தாளாளரையாவது மன்னித்துவிடலாம். உத்தரப் பிரதேசத்தில் 2021 ஏப்ரலில் நடந்தது மன்னிக்கும் தரத்தைக் கடந்தது. இரண்டாவது அலை உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த அந்த மாதத்தில், பள்ளிக்கூடங்களை மூடி வைத்துவிட்டு, பஞ்சாயத்துத் தேர்தலை நடத்தினார்கள். ஏப்ரல் 15, 19, 26, 29 ஆகிய நான்கு நாட்களில் வாக்குப் பதிவு. மே 2-ல் எண்ணிக்கை. வாக்குச் சாவடிகளில் உட்கார வேண்டியவர்கள் வழக்கம்போல ஆசிரியர்கள். குழந்தைகளுக்கு ஆபத்து என்று மூடிய பள்ளிக்கூடத்தையே வாக்குச் சாவடியாகத் திறந்து, அந்தப் பள்ளியின் ஆசிரியையையே அங்கே உட்கார வைத்து, ஊர் ஜனங்களையெல்லாம் அவர் முன்னே வரிசையில் நிறுத்தினார்கள். விலக்குக் கேட்டவர்கள் பலர். எட்டு மாதக் கர்ப்பிணியான ஓர் இளம் ஆசிரியை விலக்குக் கேட்டும் கிடைக்கவில்லை என்றும், போகாவிட்டால் நடவடிக்கை வரும் என்ற பயத்திலேயே போனார் என்றும் அவருடைய குடும்பத்தார் பத்திரிகைகளிடம் கூறினார்கள். தேர்தல் முடிந்து சில நாட்களில் அவருக்கு ஜுரம் கண்டது. அந்த மாதம் முடிவதற்குள் தாயும் இல்லை, வயிற்றுக் குழந்தையும் இல்லை.

ஏப்ரல் இறுதியில் ஆசிரியர் சங்கத்தார் 706 பெயர்கள் கொண்ட ஜாபிதா ஒன்றைக் கொடுத்தார்கள். மே மத்தியில் அது 1,621 ஆயிற்று. தேர்தல் பணியில் இறந்தவர்கள் மூன்றே பேர்தான் என்று கல்வி இலாகா பதில் சொல்லிற்று. பணிக்குப் புறப்பட்டு வீடு திரும்புவதற்குள் உயிர் போனால்தான் அது பணியில் நேர்ந்த மரணம் என்பது அவர்களுடைய விதி. நோயோ விதிகளைப் படிப்பதில்லை. உடம்பில் புகுந்து ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்துத்தான் தன் வேலையைக் காட்டுகிறது. எங்கும் கண்டனம் எழுந்த பிறகு, முப்பது நாட்களுக்குள் இறந்தவர்களையும் சேர்க்கலாம் என்று விதியை மாற்றி, குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் வீதம் கொடுக்க முன்வந்தார்கள். அப்படி மாற்றியதும் மூன்று என்ற எண் இரண்டாயிரத்தை ஒட்டி வந்து நின்றது. கணக்கு ஆசிரியைகள் இதை விளக்கட்டும்.

கர்ப்பிணி ஆசிரியை எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்கும் ஆசை பள்ளி நிர்வாகிகளுக்கு வெகு காலமாக உண்டு. அமெரிக்காவில் இதற்கு ஒரு விசித்திரமான சரித்திரமே இருக்கிறது. அங்கே கிளீவ்லண்ட் நகரத்தில் 1952-ல் ஒரு விதி செய்தார்கள். பிரஸவத்துக்கு ஐந்து மாதம் முன்பே ஆசிரியை சம்பளமில்லாமல் வீட்டுக்குப் போய்விட வேண்டும். குழந்தைக்கு மூன்று மாதம் நிரம்பி, அதற்கு அடுத்த பருவம் தொடங்கும் வரையில் திரும்பக் கூடாது. காரணம் கேட்டபோது, வயிற்றைப் பார்த்து மாணவர்கள் சிரிப்பார்கள், ஆசிரியைக்குச் சங்கடமாக இருக்கும் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. வர்ஜீனியாவில் இதே மாதிரி விதி வைத்திருந்த ஓர் ஊரின் கல்விச் சபை அங்கத்தினர் ஒருவர், நம் டீச்சர் தர்ப்பூசணியை விழுங்கிவிட்டார் என்று பிள்ளைகள் சொல்கிறார்களே என்று முறையிட்டாராம்! கிளீவ்லண்டில் ஜோ கரோல் லாபிளர் என்ற ஆசிரியையும், ஆன் எலிஸபெத் நெல்ஸன் என்ற மற்றோர் ஆசிரியையும் 1971-ல் இந்த விதியின்படி வெளியேற்றப்பட்டார்கள். உடம்பு நன்றாக இருக்கிறது, வருஷ முடிவு வரையில் பாடம் நடத்துவோம் என்று அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1974 ஜனவரி 21-ல் சுப்ரீம் கோர்ட் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒவ்வொருத்தியின் உடல் நிலையையும் பார்க்காமல், கர்ப்பிணி என்றாலே வேலைக்குத் தகுதியற்றவள் என்று முன்கூட்டி முடிவு கட்டுவது செல்லாது என்பது தீர்ப்பின் சாரம்.

வகுப்பறையில் இருக்க வேண்டும் என்று 1971-ல் வழக்காடிய ஆசிரியைகளின் பேத்தி வயதுப் பெண்கள், 2020-ல் வகுப்பறைக்கு வெளியிலிருந்து பாடம் நடத்த அனுமதி கேட்டார்கள். ஒரு தலைமுறை உள்ளே விடு என்றது, மற்றொன்று வெளியே விடு என்கிறதே, இந்த ஸ்திரீகளுக்கு என்னதான் வேண்டும் என்று சில பெரியவர்கள் கேட்கலாம். இரண்டு தலைமுறையும் கேட்டது ஒன்றுதான்: என் உடம்பைப் பற்றி என்னையும் என் டாக்டரையும் கேளுங்கள் என்றார்கள். இரண்டு தடவையும் வந்த முதல் பதிலும் ஒன்றுதான்: லீவில் போ. அமெரிக்காவில் உடல் ஊனமுற்றோருக்கான 1990-ஆம் வருஷச் சட்டப்படி கர்ப்பம் தன்னளவில் ஊனமாகாது. அதனால் அந்தச் சட்டத்தைக் காட்டி மாற்று ஏற்பாடு கேட்ட ஆசிரியைகளுக்கு வழி அடைபட்டது. கர்ப்பம் ஊனமல்ல என்பது பெருமைக்குரிய உண்மைதான். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறவள் என்ன செய்வாள்? இந்த ஓட்டையை அடைக்க அங்கே புதிதாக ஒரு சட்டம் 2022 டிசம்பரில் கையெழுத்தாகி, 2023 ஜூன் 27-ல் அமலுக்கு வந்தது. கர்ப்பிணி கேட்கும் நியாயமான மாற்று ஏற்பாட்டை முதலாளி செய்து தர வேண்டும், மாற்று ஏற்பாடு சாத்தியமாயிருக்கும்போது லீவில் போகும்படி அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. கொள்ளை நோயின் உக்கிரத்தில் மனுப் போட்டவர்களுக்கு அது உதவவில்லை. அவர்களுக்குப் பின் வருகிறவர்களுக்கு உதவும்.

நம் கணக்கு ஆசிரியை அக்டோபர் மாதம் முழுவதும் பஸ்ஸில் வந்தார். நவம்பரில் ஒரு நாள் படிக்கட்டில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். அன்றே சம்பளமில்லாத லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய எட்டாம் வகுப்பு நம் தலையில் வந்து விழுந்தது. ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது; இருவரும் க்ஷேமம். ஜூன் மாதம் திரும்பி வந்தபோது, இடையில் சர்வீஸ் அறுந்துவிட்டது என்று சொல்லி, புதிதாகச் சேர்ந்தவரின் சம்பளத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். எட்டு வருஷம் எங்கே போயிற்று என்று அவர் கேட்கவில்லை. குழந்தைக்குப் பால் பவுடர் வாங்க வேண்டியிருந்தது.

2022 ஜனவரியில் மூன்றாவது அலை வந்தது. பள்ளிக்கூடம் மறுபடியும் மூடிற்று. இந்தத் தடவை தாளாளருக்கே ஜுரம். பரீட்சை ஏற்பாடுகளைப் பற்றிப் பேச ஆசிரியர் கூட்டத்தைத் தம் வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் கூட்டினார். எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து கலந்துகொள்ளலாம் என்று உத்தரவு. கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. ஒரு நிமிஷம்கூட இணைப்பு அறுபடவில்லை. இருபது பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்து முடித்தாயிற்று. நடுவில் எங்கிருந்தோ ஒரு குழந்தை சிரிக்கும் சத்தம் கேட்டது. தாளாளர் பேச்சை நிறுத்தினார்.

"யார் வீட்டுக் குழந்தை அது?" என்றார்.

"என் குழந்தைதான், சார்" என்றார் நம் கணக்கு ஆசிரியை.